மனசுல ஓடற பாட்டு ஏன் அடுத்தவங்களுக்குக் கேக்க மாட்டேங்குது

1990ல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில எலிசபெத் நியூட்டன்னு ஒரு ஆராய்ச்சி மாணவி தன்னோட டாக்டர் பட்டத்துக்காக ஒரு சோதனை பண்ணாங்க. ரொம்ப சிம்பிள். ஒருத்தர் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பாட்ட மனசுல நினைச்சுக்கிட்டு அதோட தாளத்த மட்டும் மேஜைல விரலால தட்டணும், கேக்கறவரு அது என்ன பாட்டுனு சொல்லணும், அவ்ளோதான். தட்டறவங்கள முன்னாடியே கேட்டப்ப, பாதிக்குப் பாதி கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நம்பிக்கையா சொன்னாங்க. மொத்தம் தட்டின 120 பாட்டுல சரியா கண்டுபிடிச்சது வெறும் 3.

தட்டறவருக்கு மண்டைக்குள்ள மெட்டு ஓடுது, வரி ஓடுது, பின்னணி வாத்தியம்கூட ஓடுது, கேக்கறவருக்குக் கிடைக்கறது டொக் டொக் டொக் மட்டும். இதுல மோசமான பகுதி என்னன்னா, தட்டறவரால அந்த மெட்ட நிறுத்திட்டு வெறும் டொக் டொக்க மட்டும் கேட்டுப் பாக்கவே முடியாது, அது தானா ஓடிக்கிட்டே இருக்கும், அதனால எதிர்ல இருக்கறவரு முழிக்கறத பாத்தா "என்னய்யா இதுகூடவா தெரியல"னு கோவம்தான் வரும்.

எழுதறவங்க, வரையறவங்க, பாடறவங்க, நடிக்கறவங்க எல்லாரோட கஷ்டமும் கிட்டத்தட்ட இதுதான். "ஊமை கண்ட கனவு"னு நம்ம ஆளுங்க ஒரே வரில சொல்லி வச்சுட்டாங்க. ஆனா ஊமைக்குக் கனவ சொல்ல முடியலையேங்கற வேதனை மட்டும்தான், கலைஞனுக்கு இன்னொரு தொல்லை கூடவே இருக்கு, சொல்லிட்டமா சொல்லலையானே அவனுக்குத் தெரியாது. எழுதி முடிச்ச கையோட படிச்சா ஆஹா வந்துடுச்சுனு தோணும், ஏன்னா உள்ள ஓடற மெட்டு பேப்பர்ல இருக்கற ஓட்டைய எல்லாம் அடைச்சுடுது. கொஞ்ச மாசம் கழிச்சு அதே பக்கத்த எடுத்துப் பாத்தா சே இதுல ஒண்ணுமே இல்லையேனு இருக்கும், அப்ப மெட்டு நின்னு போயிருக்கும், டொக் டொக் மட்டும் மிச்சம். எழுதினத கொஞ்ச நாள் தூக்கிப் போட்டுட்டு அப்புறம் பாருனு சொல்றாங்களே, அந்த அட்வைஸ் வேலை செய்யறதுக்குக் காரணம் இதுதான், பொறுமை ஒரு நல்ல குணம்ங்கறதால எல்லாம் இல்ல.

சரி, அப்ப பிரச்சனை வெறும் டெலிவரி பிரச்சனைதானா? உள்ள சரக்கு ரெடி, வண்டிதான் சரியில்லைங்கற மாதிரியா? பெரும்பாலும் நாம அப்படித்தான் நினைச்சுக்கிட்டுப் பேசறோம். டால்ஸ்டாயும் 1890கள் கடைசில கலைய பத்தி எழுதினப்ப ஏறக்குறைய இதையேதான் சொன்னாரு, கலைஞன் தான் அனுபவிச்ச ஒரு உணர்ச்சிய வெளி அடையாளங்கள் வழியா அடுத்தவனுக்குக் கடத்தறான், அடுத்தவனுக்கு அது தொத்திக்குது, தொத்தினா கலை தொத்தலனா இல்ல. கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா 1938ல காலிங்வுட்னு ஒரு இங்கிலீஷ் தத்துவ பேராசிரியர் இதோட அடிமடியிலயே கை வச்சாரு. வெளிப்படுத்தறதுக்கு முன்னாடி கலைஞனுக்கே தனக்குள்ள இருக்கறது என்னன்னு தெரியாதுங்கறாரு அவரு. ஏதோ ஒண்ணு அழுத்துது, ஏதோ ஒண்ணு கலக்குது, அவ்ளோதான் தெரியும், அத வார்த்தையிலயோ வண்ணத்துலயோ கொண்டுவர முயற்சி பண்றப்பதான் ஓ இதுதானானு அவனுக்கே பிடிபடுது. அதாவது சரக்கே ரெடியா இல்ல, வண்டில ஏத்தறப்பதான் தயாராகுது.

காலிங்வுட் சொல்றதுதான் சரின்னு எனக்குத் தோணுது, அதுக்கு ஆதாரமா காட்ட ஒரு நல்ல உதாரணம் இருக்கு. பிக்காஸோவோட குவெர்னிகா ஓவியம். 1937 ஜனவரிலயே பாரிஸ் கண்காட்சில ஸ்பெயின் அரங்குக்காக ஒரு பெரிய ஓவியம் வேணும்னு அவர்கிட்ட கேட்டாச்சு, ஆனா மாசக் கணக்கா ஒண்ணும் உருப்படியா நகரல, ஏப்ரல்ல ஓவியனும் மாடலும் ஸ்டுடியோல இருக்கற மாதிரி ஏதோ கிறுக்கிட்டு இருந்தாரு. ஏப்ரல் 26ம் தேதி ஜெர்மன், இத்தாலி விமானங்கள் ஸ்பெயின்ல குவெர்னிகாங்கற ஊர் மேல குண்டு போட்டுச்சு. மே 1ம் தேதி முதல் ஸ்கெட்ச் வந்துச்சு, ஜூன் தொடக்கத்துல படம் முடிஞ்சு போச்சு. இந்த ஒரு மாச காலத்த டோரா மார்ங்கற ஃபோட்டோகிராஃபர் படிப்படியா ஃபோட்டோ எடுத்து வச்சதால நமக்கு ஒரு அபூர்வமான விஷயம் கிடைச்சிருக்கு, அந்தப் படம் எப்படி எப்படி மாறிச்சுனு கண்ணால பாக்கலாம்.

முதல் கட்டத்துல கீழ விழுந்து கிடக்கற வீரன் கை மேல நிமிர்ந்து நிக்குது, முஷ்டி மடக்கி. அன்னிக்கு அது இடதுசாரி அரசியலோட வணக்கம், பாக்கற எவனுக்கும் புரியும். அடுத்த கட்டத்துல அந்த முஷ்டில தானியக் கதிர் வந்துடுது, பின்னாடி பெரிய சூரியன் மாதிரி ஒண்ணு. அதுக்கு அடுத்து கையே காணோம். சூரியன் நசுங்கி நீளமா ஒரு கண்ணு வடிவத்துக்கு வந்து, கடைசில அதுக்குள்ள ஒரு கரண்ட் பல்பு. "நாம எதிர்த்து நிப்போம்"னு ஆரம்பிச்ச படம் ஈவிரக்கம் இல்லாத ஒரு வெளிச்சத்துக்குக் கீழ எல்லாரும் அலர்ற படமா முடிஞ்சுது. முஷ்டிதான் உள்ள இருந்த உணர்ச்சின்னா அவரு முதல் வாரத்துலயே ஜெயிச்சுட்டாரு, அழிச்சிருக்கவே வேண்டாம். அழிச்சாருன்னா, வரைஞ்சு பாத்த அப்புறம்தான் இது இல்ல, நான் சொல்ல வந்தது இது இல்லனு அவருக்கே தெரிஞ்சிருக்கு. போராட்டம்னு சொல்றமே, அது பெரும்பாலும் இந்த "இது இல்ல"தான், இல்ல இல்லனு தள்ளிக்கிட்டே போறது.

இங்க இன்னொரு குழப்பத்தையும் தீத்துக்கலாம். மனசுல இருக்கறத கொட்டிட்டா அது கலையாயிடுமா? 1986ல பென்னிபேக்கர், பீல்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்கால காலேஜ் பசங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, தினம் 15 நிமிஷம், நாலு நாள், வாழ்க்கைல நடந்த ரொம்ப வேதனையான விஷயத்த மனசு விட்டு எழுதச் சொன்னாங்க. எழுதினப்ப கஷ்டமா இருந்துச்சு, ஆனா அடுத்த மாசங்கள்ல டாக்டர பாக்கப் போறது குறைஞ்சுது. அதுக்கப்புறம் இந்த முறைய வச்சு ஏகப்பட்ட ஆய்வு வந்திருக்கு. கொட்டறது கொட்டறவனுக்கு நல்லதுதான், மறுக்கல. ஆனா அந்தப் பேப்பர் எல்லாம் யாரும் படிச்சு உருகறதுக்காக எழுதினது இல்ல. கோவத்துல கத்தறவன பாத்தா அவன் கோவமா இருக்கான்னு நமக்குத் தெரியும், நமக்குக் கோவம் வராது, பயமோ எரிச்சலோதான் வரும். இந்த வித்தியாசத்தையும் காலிங்வுட் தெளிவா பிரிச்சாரு, உணர்ச்சி தெரியற மாதிரி நடந்துக்கறது ஒண்ணு, வெளிப்படுத்தறது வேற ஒண்ணு.

இங்கிலீஷ் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1800ல தன் கவிதைத் தொகுப்புக்கு எழுதின முன்னுரைல கவிதைனா பலமான உணர்ச்சி தானா பொங்கி வழியறதுனு சொன்னாருன்னு எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. மிச்சத்த யாரும் சொல்ல மாட்டாங்க, அந்த உணர்ச்சிய பின்னால அமைதியா இருக்கறப்ப நினைச்சுப் பாக்கறதுல இருந்துதான் கவிதை பிறக்குதுங்கறதும் அதே முன்னுரைதான். அவருக்கு எண்ணூறு வருஷம் முன்னாடியே காஷ்மீர்ல அபிநவகுப்தர்ங்கற தத்துவ அறிஞர் இத இன்னும் கறாரா சொல்லிட்டாரு. ஜோடில ஒரு பறவைய வேடன் கொன்னத பாத்து வால்மீகி வாய்ல கவிதை வந்துச்சுனு கதை இருக்கே, அந்த சோகம் முனிவரோட சொந்த சோகம்னு நினைக்காதீங்க, அவரே அந்தத் துக்கத்துல மூழ்கிக் கிடந்தா கவிதைக்கு எடமே இருந்திருக்காதுங்கறாரு. அழறவனால அழுகைய பத்தி எழுத முடியாது, அழுது முடிச்சவனாலதான் முடியும். ஆனா முடிச்ச அப்புறம் அந்த உணர்ச்சியே பாதி ஆறிப் போயிருக்கும், அதுதான் கொடுமை. "கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்"னு சொல்றது கடவுள பத்தி, ஆனா கலைஞன் நிலைமைக்கும் அச்சு அசலா பொருந்துது, இவன் கண்டும் இருக்கணும் விண்டும் ஆகணும்.

அப்ப எப்படித்தான் போய்ச் சேருது? ஏன்னா சில சமயம் போய்ச் சேருதே, ரெண்டாயிரம் வருஷம் தாண்டிக்கூட சேருது.

இதுக்கு நம்ம தொல்காப்பியத்துலயே அட்டகாசமான ஒரு பதில் இருக்கு, மெய்ப்பாட்டியல்ல. எட்டு உணர்ச்சி: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோவம்), உவகை (மகிழ்ச்சி). பட்டியல் பெரிய விஷயம் இல்ல, அடுத்து தொல்காப்பியர் பண்றதுதான் விஷயம். அழுகைனா எப்படி இருக்கும், நெஞ்சு எப்படி அடைக்கும்னு எல்லாம் வர்ணிக்கவே இல்ல. அழுகை நாலு வழில வரும்னு மட்டும் சொல்றாரு, அடுத்தவங்க இழிவா நடத்தறது, இழப்பு, முன்ன இருந்த நிலை கெட்டுப் போறது, வறுமை. அச்சமும் அப்படித்தான், தெய்வம் போன்ற அணங்கு, விலங்கு, கள்வர், தன் தலைவன். எட்டுக்கும் தலா நாலு. அதாவது உணர்ச்சிய வர்ணிக்காத, அது பிறக்கற எடத்த காட்டு, மிச்சம் பாக்கறவன் உள்ள தானா நடக்கும். பரதரோட நாட்டிய சாஸ்திரமும் விபாவம் அனுபாவம்னு வேற பாஷைல இதையேதான் பேசுது, ரசம், அதாவது பாக்கறவன் அனுபவிக்கற சுவை, பிறக்கணும்னா மேடைல காரணமும் அதோட விளைவும் கூடவே வந்து போற சின்னச் சின்ன உணர்ச்சிகளும் சேரணும். 1919ல கவிஞர் டி.எஸ்.எலியட் ஒரு கட்டுரைல உணர்ச்சிய கலையில காட்ட ஒரே வழி அதுக்கான பொருட்கள், சூழ்நிலை, சம்பவங்களோட கோர்வைய கண்டுபிடிக்கறதுதான்னு சொன்னப்ப மேற்குல அது பெரிய புதுக் கண்டுபிடிப்பு மாதிரி ஓடுச்சு. அந்தக் கட்டுரைல அவரு ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்தையே ஃபெயில் ஆக்கினாரு, ஹாம்லெட்டோட உணர்ச்சிக்குத் தகுந்த காரணம் நாடகத்துக்குள்ள இல்லனு. அது கொஞ்சம் ஓவர்தான்.

சூத்திரம் ஈஸி, செய்யறது எவ்ளோ கஷ்டம்னு பாக்க குறுந்தொகைல 41ம் பாட்டு போதும். தலைவி தோழிகிட்ட பேசறா. அவரு பக்கத்துல இருக்கறப்ப திருவிழா நடக்கற ஊர்ல இருக்கற மாதிரி சந்தோஷமா இருப்பேன், அவரு போயிட்டா எப்படி இருக்குன்னா, பாலை வழில ஒரு சின்ன ஊரு, ஜனங்க எல்லாம் விட்டுட்டுப் போயிட்டாங்க, வீட்டு முற்றத்துல அணில் விளையாடுது, அந்த வீடு மாதிரி இருக்கேன். அவ்ளோதான் பாட்டு.

அந்த அணில கொஞ்சம் கவனிங்க. தனிமைய காட்டணும்னா சாதாரணமா என்ன கைக்கு வரும், இடிஞ்ச சுவரு, சிலந்தி வலை, பட்ட மரம், ஆந்தை. எல்லாம் சோகமான சாமான், ஏற்கெனவே சோகம்னு லேபிள் ஒட்டினது. அணில் அப்படி இல்ல, துறுதுறுனு சந்தோஷமான பிராணி. மனுஷன் நடமாட்டம் இருந்தா ஓடி ஒளியும், அது முற்றத்துக்கு நடுவுல வந்து கவலை இல்லாம ஆடுதுன்னா அங்க பயப்பட யாருமே இல்லைனு அர்த்தம், இன்னிக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளா இல்ல. இத பாட்டு சொல்லல, நீங்களா கண்டுபிடிக்கறீங்க, கண்டுபிடிக்கற அந்த நொடில வெறுமை உங்க உள்ள பிறக்குது, தலைவிகிட்ட இருந்து பார்சல்ல வரல. எழுதினவர் பேருகூட நமக்குத் தெரியாது, அந்த உவமைய வச்சே அணிலாடு முன்றிலார்னு பேர் போட்டுட்டாங்க. அதுக்கு முந்தின 40ம் பாட்டுக்கும் இதே கதைதான், செம்புலப்பெயனீரார். ஆளு போயாச்சு, பேர் போயாச்சு, அவங்க கண்டுபிடிச்ச அந்தச் சரியான பொருள் மட்டும் நிக்குது.

இப்ப எழுத வர்றவங்களுக்கு "சொல்லாத, காட்டு"னு ஒரு மந்திரம் சொல்லித் தர்றாங்க, அவங்களும் டீட்டெயில் டீட்டெயிலா அடுக்கறாங்க, ஜன்னல் கம்பி, மழைத்துளி, ஆறிப்போன காபி, ஒண்ணும் ஆகறதில்ல. காட்டறது எண்ணிக்கை விஷயம் இல்லீங்க. செத்துப் போனவரோட போன்ல தினம் காலைல அஞ்சரைக்கு அலாரம் அடிக்குது, லாக் நம்பர் யாருக்கும் தெரியாததால செட் பண்ணினத எடுக்க முடியலனு எழுதினா, அதுல சோகம்ங்கற வார்த்தை இல்ல, ஆனா படிக்கறவன் மூணு விஷயத்த தானா போட்டுக்கறான்: அவரு அஞ்சரைக்கு எழுந்திரிக்கற ஆளு, அந்தச் சத்தம் கேட்டு வீட்டுல எல்லாரும் தினம் முழிக்கறாங்க, போன சுவிட்ச் ஆஃப் பண்ணினா முடிஞ்சுது ஆனா யாரும் பண்ணல. அந்த மூணாவதுதான் ஆளக் கவுக்கும். படிக்கறவனுக்கு வேலை வைக்கற டீட்டெயில் வேணும், எப்பப் பாத்தாலும் கைக்குச் சிக்கறது வேலை வைக்காத டீட்டெயில். அணில் கிடைக்கறதுக்கு முன்னாடி அந்தக் கவிஞர் எத்தனை ஆந்தைய அடிச்சுப் போட்டாரோ.

இதுல ஒரு விலையும் இருக்கு, அத கலைஞர்கள் லேசுல ஒத்துக்க மாட்டாங்க. படிக்கறவன் தன்னோட அனுபவத்த வச்சு நிரப்பறதால, அவன் உள்ள எழற உணர்ச்சி உங்களோடது இல்ல, அவனோடது. உங்களோடதுக்குச் சொந்தம் மாதிரி ஜாடை இருக்கும், அச்சு அசல் இல்ல. நான் பட்டது அப்படியே போகணும்னு அடம் பிடிக்கற கலைஞன் சாகற வரைக்கும் திருப்தி அடைய மாட்டான்.

வார்த்தைல குறிப்பா ஒரு சிக்கல் இருக்கு. இதுவும் 1990ல வந்த ஆய்வுதான், ஸ்கூலர், எங்ஸ்ட்லர்-ஸ்கூலர்னு ரெண்டு பேர் பண்ணது. பேங்க் கொள்ளை வீடியோ ஒண்ண காட்டி, சிலர மட்டும் கொள்ளைக்காரன் முகத்த வார்த்தைல விவரிக்கச் சொன்னாங்க. பிறகு ஃபோட்டோவ காட்டி அடையாளம் கேட்டா, விவரிச்சு எழுதினவங்கதான் அதிகம் தப்பு பண்ணாங்க, சும்மா இருந்தவங்க பரவால்ல. 2014ல பல லேப் சேந்து திரும்பச் செஞ்சு பாத்தாங்க, விளைவு இருக்கு, எப்ப விவரிக்கறோம்ங்கறத பொறுத்து கூடக் குறைய இருக்குனு வந்துச்சு. முகத்துக்கு நடந்ததே உணர்ச்சிக்கும் நடக்கும்னு ஒரேயடியா சொல்லிட முடியாது. ஆனா எழுதறவங்க பல பேரு பாதில இருக்கற கதைய வாய் விட்டுச் சொல்ல மாட்டேன்னு அடம் பிடிக்கறது வெறும் மூடநம்பிக்கை இல்லையோனு யோசிக்க வைக்குது. மொத்தமா தெரிஞ்ச ஒண்ண துண்டு துண்டா வார்த்தையாக்கறப்ப, வார்த்தைக்குள்ள அடங்கின துண்டுதான் அப்புறம் நம்ம ஞாபகமாவே ஆயிடுது.

வலி இதுல உச்சம். காதல்ல விழுந்த பொண்ணுக்கு ஷேக்ஸ்பியர் இருக்காரு, தலைவலிய டாக்டர்கிட்ட சொல்லப் போறவனுக்கு பாஷை வத்திப் போயிடுதுனு வர்ஜீனியா வுல்ஃப் 1926ல நோயப் பத்தின கட்டுரைல எழுதினாங்க. மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ இந்த எடத்துலதான் முக்கியம். 1925ல பஸ் விபத்துல முதுகெலும்பு, இடுப்பு எல்லாம் நொறுங்கி, வாழ்நாள் முழுக்க ஆபரேஷன், இரும்பு பெல்ட். 1944ல அவங்க தன்னையே வரைஞ்ச ஒரு படத்துல உடம்பு நடுவுல பிளந்திருக்கு, முதுகெலும்பு இருக்க வேண்டிய எடத்துல கண்ட எடத்துல விரிசல் விட்ட ஒரு கல் தூண், உடம்பு முழுக்க ஆணி. முகம்? கண்ணீர் இருக்கு, ஆனா முகம் கோணல, நேரா நம்மள பாக்குது. அலர்ற முகத்த வரைஞ்சிருந்தா நாம "ஐயோ பாவம்"னு அவங்கள பாத்திருப்போம். ஆணிய வரைஞ்சதால நம்ம தோல்ல சுருக்குங்குது. தொல்காப்பியர் சொன்ன வழிதான், காரணத்த வை.

வார்த்தைய விட்டு வேற எதுக்குப் போனாலும் அந்தச் சாமானும் தன் பங்குக்கு முரண்டு பிடிக்கும், களிமண்ணு, கேமரா, தொண்டை எல்லாத்துக்கும் தனித்தனி பிடிவாதம். சிற்பி ஜியாகொமெட்டி கதை இதுக்கு உச்சக்கட்டம். தூரத்துல நின்னு பாத்த ஒரு பெண்ண நினைவுல இருந்து சிலை செய்யணும்னு உக்காந்தாரு, செய்யச் செய்ய சிலை சின்னதாயிட்டே போச்சு. அவருக்கே திகில், ஆனா சின்னதா இருந்தாதான் பாத்த மாதிரி இருக்கு, பெருசாக்கினா பொய்யா இருக்குனு பின்னால ஒரு லெட்டர்ல எழுதிருக்காரு. உலகப் போர் முடிஞ்சு 1945ல ஜெனீவால இருந்து பாரிஸ் திரும்பறப்ப பல வருஷத்து உழைப்ப தீப்பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டு வந்தாருன்னு சொல்வாங்க. 1964ல ஜேம்ஸ் லார்டுங்கற எழுத்தாளர வரையறப்பவும், ஒரு மதியத்துல முடியும்னு ஆரம்பிச்சது 18 தடவை உக்கார வேண்டியதாச்சு, வரைவாரு, அழிப்பாரு, இது முடியாத காரியம்னு புலம்புவாரு, மறுநாள் திரும்ப. நமக்கு இந்த மாதிரி கதை கேட்டா மேதை, பித்து, அப்படி இப்படினு ரொமான்டிக்கா தோணும். எனக்கு என்னமோ அந்த ஆளு தன் கண்ணுக்கு ரொம்ப நேர்மையா இருந்தாருன்னுதான் தோணுது, பாத்தது ஒண்ணு செஞ்சது ஒண்ணுனு தெரிஞ்சும் போதும்டானு விடறதுதான் பெரும்பாலானவங்க செய்யறது.

சரி, எல்லாம் பண்ணியாச்சு, சரியான பொருள கண்டுபிடிச்சாச்சு, சாமானையும் பணிய வச்சாச்சு, அப்பவாவது நினைச்சது போய்ச் சேருமா? நார்வே ஓவியர் மூங்க்கோட அலறல் படத்துக்கு நடந்தத பாருங்க, செவந்த வானத்துக்குக் கீழ ஒரு உருவம் காதப் பொத்திக்கிட்டு வாயத் திறந்து நிக்குமே, அது. 1892 ஜனவரில அவரு டயரில ஒரு குறிப்பு எழுதினாரு. ரெண்டு நண்பர்களோட நடந்து போயிட்டிருந்தேன், சூரியன் சாஞ்சுது, வானம் ரத்தச் சிவப்பா மாறிச்சு, நண்பர்கள் போயிட்டாங்க, நான் நடுங்கிட்டு நின்னேன், இயற்கைக்குள்ள ஒரு முடிவில்லாத அலறல் போறத உணர்ந்தேன், இதுதான் சாரம். அலர்றது இயற்கை. அந்த உருவம் காதப் பொத்திக்கிட்டு நிக்குது, ஏன்னா அதுக்குச் சத்தம் தாங்கல. இத சும்மா ஒரு தடவை வரைஞ்சு விடல அவரு, 1893ல இருந்து வண்ணத்துலயே நாலு தடவை வரைஞ்சாரு, 1895ல அச்சுல கொண்டு வந்தாரு, அந்த அச்சுப் பிரதில "இயற்கை வழியா போன பெரிய அலறல உணர்ந்தேன்"னு ஜெர்மன்ல எழுதியே வச்சாரு, இன்னொரு பிரதியோட சட்டத்துலயே அந்தக் குறிப்ப கவிதை மாதிரி எழுதினாரு. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன பண்ணுவான்? ஆனாலும் உலகம் முழுக்க ஜனங்க பாக்கறது என்ன, ஒரு ஆள் கத்தறான். எமோஜிகூட அப்படித்தான் வந்திருக்கு.

செய்தி தப்பாப் போயிடுச்சு, ஆனா அந்தப் பதட்டம், நிக்கற தரையே ஆடற மாதிரி ஒரு இது, அது பிசகாம போய்ச் சேந்துருக்கு. யார் கத்தறாங்கங்கற தகவல் போகல, உணர்ச்சி போயிருக்கு. முதல் பிரதியோட வான மூலைல பென்சில்ல "பைத்தியக்காரனாலதான் இத வரைஞ்சிருக்க முடியும்"னு ஒரு வரி இருக்கு, யாரோ பார்வையாளர் கிறுக்கினதுனு ரொம்ப காலமா நினைச்சாங்க, 2021ல நார்வே தேசிய மியூசியம் அது மூங்க்கோட கையெழுத்தேதான்னு சொல்லிடுச்சு. ஜனங்க தன்னைப் பத்தி என்ன பேசறாங்கங்கறத அவரே தன் படத்து மேல எழுதி வச்சிருக்காரு, கிண்டலா வேதனையானு தெரியாத ஒரு தொனில.

ஓவியர் ரோத்கோ இதுக்கு நேர் எதிர் ரகம், பாக்கறவனையும் கையில எடுத்துக்கணும்னு நினைச்ச ஆளு. படம் பெருசா இருக்கணும், ரொம்பக் கிட்ட நின்னு பாக்கணும், வெளிச்சம் கம்மியா இருக்கணும். தன் படத்துக்கு முன்னாடி அழறவங்களுக்கு, தான் வரையறப்ப பட்ட அதே அனுபவம் கிடைக்குதுனு நம்பினாரு. 1958ல நியூயார்க்ல ஒரு ஆடம்பர ரெஸ்டாரன்ட் சுவருக்கு வரைய ஒத்துக்கிட்டு, வரைஞ்சும் முடிச்சு, அங்க போய் ஒரு தடவை சாப்பிட்டுப் பாத்துட்டு, இந்த மாதிரி சாப்பாடு சாப்பிடறவன் என் படத்த பாக்கவே மாட்டான்னு பணத்த திருப்பிக் குடுத்துட்டாரு. கொஞ்சம் திமிருதான். ஆனா அபிநவகுப்தர் ரசத்துக்கு வர்ற தடைகள்னு ஏழு சொல்றாரு, அதுல ஒண்ணு பாக்கறவன் தன் சொந்த சுகதுக்கத்துலயே மூழ்கிக் கிடக்கறது. எதிர்ல இருக்கறவன் மெனு கார்டுல மூழ்கி இருந்தா ரோத்கோ என்ன பண்ணுவாரு பாவம்.

இவ்ளோவும் தெரிஞ்சா, கலைஞர்கள் கிட்ட "இதுக்கு என்ன அர்த்தம்"னு கேட்டா ஏன் முகத்த சுளிக்கறாங்கங்கறது புரியும். தெரியாம முழிக்கறதுனு ஒண்ணு உண்டு, அத விடுங்க. சொல்ல முடிஞ்சிருந்தா சொல்லிட்டே போயிருப்பாங்க, இவ்ளோ கஷ்டப்பட்டு அணில் தேடிருக்க மாட்டாங்க. 1946ல விம்சாட், பியர்ட்ஸ்லினு ரெண்டு அமெரிக்க அறிஞர்கள் கலைஞன் என்ன நினைச்சான்ங்கறத வச்சு படைப்ப எடை போடாதீங்கனு எழுதினப்ப கலைஞன ஓரங்கட்டறாங்கன்னு நிறைய பேருக்குக் கோவம் வந்துச்சு, யோசிச்சுப் பாத்தா அது கலைஞனுக்குப் பண்ண உதவிதான், வாயால விளக்கம் சொல்ற வேலைல இருந்து அவன விடுவிச்சுடுது.

ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் வார்த்தையே இல்லாத பியானோ பாட்டு நிறைய எழுதி அந்தத் தொகுப்புகளுக்கு "சொற்களற்ற பாடல்கள்"னு பேர் வச்சாரு. 1842ல ஒருத்தர் அதுல சிலதோட அர்த்தம் என்னன்னு கேட்டு, தானே சில தலைப்பையும் யோசிச்சு லெட்டர் போட்டாரு. மெண்டல்சன் பதில்ல சொன்னது, இசைல இருக்கற எண்ணம் வார்த்தைக்கு அடங்காத அளவுக்கு மங்கலா இருக்குனு எல்லாரும் புகார் சொல்றாங்க, எனக்கு தலைகீழா இருக்கு, வார்த்தைதான் மங்கல், இசை சொல்றது வார்த்தைல அடங்க முடியாத அளவுக்கு ரொம்பத் துல்லியம். அதனால ஒவ்வொரு பாட்டோட அர்த்தமும் அந்தப் பாட்டேதான்னு சொல்லி முடிச்சுக்கிட்டாரு. அவரு 1847ல இறந்து போனாரு. வெனிஸ் படகுப் பாட்டு மாதிரி சிலதுக்கு மட்டும்தான் அவரா பேர் வச்சிருந்தாரு. இப்ப புத்தகத்துலயும் ரெக்கார்டுலயும் பாத்தா பல பாட்டுக்கு மேல ஒரு தலைப்பு இருக்கும், எல்லாம் மத்தவங்க ஒட்டினது.